முதல் மூன்று டைமண்டை எதில் போடலாம்? மைன்கிராஃப்ட் கருவிகளின் ஆயுளை அளந்து ஓர் ஒப்பீடு

கையில் மூன்று டைமண்ட் சேர்ந்ததும் எல்லோருக்கும் வரும் கேள்விதான் இது. பிக்காக்ஸ் செய்வதா, ஒரு வாளும் ஒரு ஷவலும் செய்வதா, இல்லை இப்போதைக்குப் பெட்டியில் போட்டு வைப்பதா? பிளாக்குகளைத் தோண்டிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டை ஆடுகிற பலர் இதற்குப் பதில் சொல்லும்போது டூரபிலிட்டி எண்ணை (கருவி உடையும் முன் தாங்கும் புள்ளிகள், அதாவது அதன் ஆயுள்) மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். டைமண்ட் 1561, அயர்ன் 250, ஆக டைமண்ட் ஆறு மடங்கு உழைக்கும், அவ்வளவுதான் என்று. அந்த எண்ணில் தப்பில்லை, ஆனால் முடிவெடுக்க அது மட்டும் போதாது. அதே 1561 ஆயுள் ஷவலில் ஒரு டைமண்டுக்குக் கிடைக்கிறது, பிக்காக்ஸில் மூன்று டைமண்ட் கேட்கிறது. வாளில் அதே 1561 என்பது 520 ஸ்கெலிட்டனாகவும் (எலும்புக்கூடு எதிரி) இருக்கலாம், 780 ஸ்கெலிட்டனாகவும் இருக்கலாம், நீங்கள் அடிக்கிற விதத்தைப் பொறுத்தது. நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு, உங்களிடம் குறைவாக இருக்கும் பொருளின் ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பிளாக், எத்தனை மாப் (எதிரி உயிரினம்) கிடைக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பல பழக்கமான பதில்கள் மாறிவிடுகின்றன.

கீழே வரும் எண்கள் எல்லாம் ஜாவா பதிப்புக்கானவை. பெட்ராக் என்ற மற்றொரு பதிப்பில் பிக்காக்ஸ் வகைகளின் ஆயுள் பெரும்பாலும் இதேதான், ஆனால் வாளின் சேத எண்கள் வேறு, அடிக்கும் அடிக்கும் நடுவே காத்திருக்கும் விதியும் அங்கே கிடையாது. அதனால் ஆயுதப் பகுதியை பெட்ராக்கில் ஆடுபவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அடிப்படை எண்கள். மரம் 59, கல் 131, காப்பர் 190, அயர்ன் 250, தங்கம் 32, டைமண்ட் 1561, நெதரைட் 2031. ஒரே பொருளில் செய்த பிக்காக்ஸ், கோடாலி, ஷவல், ஹோ, வாள் எல்லாவற்றுக்கும் இந்த எண் ஒன்றுதான். செலவாகும் விதம்தான் வேறு. பிக்காக்ஸ், கோடாலி, ஷவல் மூன்றும் ஒரு பிளாக் உடைத்தால் ஒரு புள்ளி இழக்கும், அவற்றை வைத்து மாபை அடித்தால் அடிக்கு இரண்டு புள்ளி. வாள் அப்படியே தலைகீழ், அடிக்கு ஒன்று, பிளாக் உடைத்தால் இரண்டு. டார்ச், பூ, புல் மாதிரி தொட்டவுடன் உடையும் பொருள்களுக்கு ஆயுள் குறையாது. ஆனால் என்சான்ட்டும் (கருவியில் ஏற்றும் மந்திரச் சக்தி) பீக்கனும் (சுற்றி இருப்பவருக்கு வேகம் போன்ற பலன் தரும் பிளாக்) சேர்ந்து கல்லைத் தொட்டவுடன் உடைக்கும் வேகம் வந்தால்கூட அந்தக் கல்லுக்கு ஒரு புள்ளி போகத்தான் செய்யும். இதை இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு பீக்கன் கீழே பிக்காக்ஸை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

எப்படிச் சோதிப்பது

இதை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி, ஏனென்றால் உங்கள் கை எப்படி வேலை செய்கிறது என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது. சோதிக்க மூன்று வழி உண்டு. ஒன்று, வழக்கமாக ஆடும் உலகத்திலேயே ஒரு புதுக் கருவியை எடுத்து உடையும் வரை பயன்படுத்துவது. இது உண்மையான விடையைத் தரும், ஆனால் மெதுவானது, நடுவில் மண்ணையும் ஜோம்பியையும் அதே பிக்காக்ஸால் அடித்துவிடுவோம், அப்புறம் எண்ணை எதோடு ஒப்பிடுவது? இரண்டாவது, சீட் (ஏமாற்றுக் கட்டளைகள்) அனுமதித்த தனி உலகம். ஃபில் கட்டளையால் ஒரே தடவையில் 32,768 பிளாக் வரை நிரப்பலாம், அதாவது பக்கத்துக்கு 32 பிளாக் கொண்ட ஒரு முழுக் கல் கனசதுரம். கிரியேட்டிவில் கருவி தேயவே தேயாது, அதனால் கட்டியது முடிந்ததும் சர்வைவலுக்கு மாறிவிட வேண்டும். எஃப்3 விசையோடு ஹெச் விசையை அழுத்தினால் கொஞ்சமாவது தேய்ந்த கருவியின் மேல் சுட்டியை வைக்கும்போது மிச்ச ஆயுள் எண்ணாகவே தெரியும், ஸ்கோர்போர்டில் உடைத்த கல்லின் கணக்கையும் பக்கத்தில் ஓட விடலாம். மூன்றாவது வழி, எதையும் உடைக்காமல் காகிதத்தில் கணக்குப் போடுவது.

என்சான்ட் இல்லாத கருவிக்குக் காகிதமே போதும். 250 என்றால் 250, அதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை, உடைத்துப் பார்த்துப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. தனி உலகச் சோதனை உண்மையில் பயன்படுவது இரண்டு இடத்தில்: அன்பிரேக்கிங் என்ற என்சான்ட் போட்ட கருவிக்கும், ஆயுதங்களுக்கும்.

அன்பிரேக்கிங் ஆயுளைக் கூட்டுவதில்லை, ஒவ்வொரு பயன்பாட்டின்போதும் ஆயுள் குறையாமல் போகும் வாய்ப்பைத் தருகிறது. மூன்றாம் நிலையில் நான்கில் ஒரு தடவைதான் புள்ளி போகும், ஆக சராசரியாக நான்கு மடங்கு உழைக்கும். சராசரி என்ற சொல்தான் இதில் கவனிக்க வேண்டியது. டைமண்ட் பிக்காக்ஸுக்கு இது 6244 பிளாக், அங்கே இங்கே நூறு நூற்றைம்பது கூடக் குறைய இருக்கும், சதவீதத்தில் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. தங்கப் பிக்காக்ஸுக்கோ சராசரி 128, ஆனால் 108-லும் உடையலாம், 148 வரையும் போகலாம், இரண்டுமே சாதாரணம். ஆகவே சீக்கிரம் முடியும் என்று தங்கக் கருவியில் அன்பிரேக்கிங்கைச் சோதித்துவிட்டு, எனக்கு மூன்று மடங்குதான் வந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். அயர்னில் சோதியுங்கள், அதையும் சில தடவை செய்து கூட்டிப் பாருங்கள்.

பிக்காக்ஸ்: ஆயிரம் கல்லை வைத்து ஒப்பிட்டால்

ஆயுள் எண்களை அப்படியே பார்ப்பதைவிட ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் தெளிவாகிறது. ஆயிரம் கல் உடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், ஒரு நல்ல அடித்தளத்துக்கான சாதாரண வேலைதான். மரத்தில் 17 பிக்காக்ஸ் வேண்டும், ஒரு கல்லுக்கு 1.15 நொடி. கல்லில் 8, கல்லுக்கு 0.6 நொடி. காப்பரில் 6, 0.45 நொடி. அயர்னில் 4, 0.4 நொடி. டைமண்டில் ஒன்றே ஒன்று, 0.3 நொடி, முடித்த பிறகும் அதில் 561 மிச்சம். தங்கம்தான் எல்லாவற்றையும்விட வேகம், 0.2 நொடி, ஆனால் 32 பிக்காக்ஸ், அதாவது 96 தங்க இங்காட், மொத்தம் 36 இடம் உள்ள பையில் 32 இடம் பிக்காக்ஸுக்கே போய்விடும். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் சின்ன இடைவெளியை நான் இதில் சேர்க்கவில்லை, அது எல்லோருக்கும் பொது.

இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது கல் பிக்காக்ஸைப் பற்றித்தான். அதை ஆரம்பக் கருவி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு கல் பிக்காக்ஸ் 131 கல் உடைக்கும், அந்த 131-இலிருந்து இன்னும் 43 பிக்காக்ஸுக்கான தலை கிடைக்கும், குச்சி மட்டும் கையில் இருந்தால் போதும். தன் செலவைத் தானே ஈட்டும் கருவி இது ஒன்றுதான். ஆயிரம் கல்லுக்கு அயர்னைவிட 200 நொடிதான் கூட ஆகிறது, அதற்கு நீங்கள் 12 அயர்ன் இங்காட்டை மிச்சம் பிடிக்கிறீர்கள். ஆரம்பத்தில் அந்த 12 இங்காட் என்பது ஒரு வாளி, ஒரு கேடயம், ஒரு கவசச் சட்டை எல்லாம் சேர்ந்தது. எனவே வெறும் கல்லைக் குடைகிற வேலைக்குக் கல் பிக்காக்ஸ், ரெட்ஸ்டோன், தங்கம், டைமண்ட் கண்ணில் பட்டால் எடுக்க மட்டும் ஓர் அயர்ன் பிக்காக்ஸ், இரண்டையும் சேர்த்து எடுத்துப் போவதுதான் என் பரிந்துரை. கல் பிக்காக்ஸால் இரும்புத் தாதுவும் லாபிஸும்கூட எடுக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். தங்கப் பிக்காக்ஸால் அதுகூட முடியாது, தாது எடுக்கும் தகுதியில் அது மரத்துக்குச் சமம்.

ஆழத்துக்குப் போனால் கணக்கு கொஞ்சம் மாறும். டீப்ஸ்லேட் கல்லைவிட இரண்டு மடங்கு கடினம், கல் பிக்காக்ஸுக்கு ஒரு பிளாக் 1.15 நொடி, அயர்னுக்கு 0.75, டைமண்டுக்கு 0.6. ஆயுள் மட்டும் அங்கேயும் பிளாக்குக்கு ஒன்றுதான். டைமண்ட் தேடுகிற அடிமட்டம் முழுக்க டீப்ஸ்லேட், ஆகவே அங்கே கல் பிக்காக்ஸோடு போவது பொறுமையைச் சோதிக்கும். அயர்ன் அங்கேதான் தன் விலைக்கு உழைக்கிறது.

டைமண்டுக்கு எத்தனை பிளாக்?

சரி, டைமண்ட். ஒரு டைமண்டுக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், பிக்காக்ஸிலும் கோடாலியிலும் 520, வாளிலும் ஹோவிலும் 780, ஷவலில் 1561. ஷவல் இதில் தனியாக நிற்கிறது. மண், மணல், கிராவல் எல்லாம் பெரிய அளவில் அள்ள வேண்டிய வேலை உங்களுக்கு இருந்தால், ஒரு டைமண்டில் வாங்கக்கூடிய மிக மலிவான ஆயுள் அதுதான். கண்ணாடிக்கு மணலும் கான்கிரீட்டுக்கு மணலும் கிராவலும் அள்ளுபவர்களுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. ஹோவுக்கு டைமண்ட் போடுவதை எண்ணிக்கைக்காக நியாயப்படுத்த முடியும், ஆனால் வயல் உழுவதற்கு ஒரு கல் ஹோ 131 கட்டம் உழும், பெரும்பாலானவர்களின் வயல் அதற்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்குப்படி முதல் மூன்று டைமண்டுக்கு வாளும் ஷவலும்தான் சரி என்று தோன்றும். ஆனாலும் முதல் மூன்றைப் பிக்காக்ஸில்தான் போடுங்கள். காரணம் ஆயுள் இல்லை. அப்சிடியன் என்ற மிகக் கடினமான கல்லை உடைத்து எடுக்க வேறு கருவியால் முடியாது, என்சான்டிங் டேபிளுக்கு நான்கு அப்சிடியனும் இரண்டு டைமண்டும் வேண்டும், பின்னால் நெதரைட்டுக்கான மூலத் தாதுவான ஏன்ஷியன்ட் டெப்ரிஸையும் டைமண்டோ அதற்கு மேலோதான் உடைக்கும். அந்தக் கதவு திறந்தாக வேண்டும். திறந்த பிறகு, அதே பிக்காக்ஸைச் சாதாரணக் கல்லில் தேய்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கல்லுக்குக் கல் பிக்காக்ஸ் இருக்கிறது.

அடுத்த இரண்டு டைமண்ட் வாளுக்கா, என்சான்டிங் டேபிளுக்கா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை, டேபிளுக்குத்தான். அன்பிரேக்கிங் மூன்று ஏறிய அயர்ன் வாள் ஆயிரம் அடி தாங்கும், அந்த டேபிள் அதோடு நிற்காமல் நீங்கள் செய்யும் ஒவ்வொரு கருவியின் ஆயுளையும் நீட்டும். பிக்காக்ஸில், தாதுவின் விளைச்சலைக் கூட்டும் ஃபார்ச்சூன் மூன்று விழுந்தால் ஒரு டைமண்ட் தாது சராசரியாக 2.2 டைமண்ட் தரும், ஆக ஒரே தாதுவில் பிக்காக்ஸ் கணக்கில் 1100 பிளாக்குக்கு மேல் ஆயுள் கிடைக்கிறது. ஆரம்பத்தில் பார்க்கும் டைமண்ட் தாதுக்களை, தேவைக்கு எடுத்தது போக, உடைக்காமல் இடத்தைக் குறித்து வைத்துவிட்டு ஃபார்ச்சூனோடு திரும்பி வருவது பெரிய வித்தியாசம் தரும்.

ஆயுதம்: அடியை எண்ணாதீர்கள், மாபை எண்ணுங்கள்

ஆயுதச் சோதனைக்கு ஸ்கெலிட்டன் நல்ல அளவுகோல். அதன் உயிர் 20, இயற்கைக் கவசம் இல்லை. ஜோம்பிக்கும் உயிர் 20-தான், ஆனால் அதற்கு உடம்போடு வந்த இரண்டு புள்ளிக் கவசம் உண்டு, அதனால் கல் வாளால் நான்கு அடியில் விழ வேண்டியது ஐந்தாவது அடி கேட்கும், இது தெரியாமல் இரண்டையும் கலந்து சோதித்தால் எண்கள் குழம்பும். ஸ்கெலிட்டனிலும் ஹெல்மெட் போட்டதை விட்டுவிட்டு வெறும் எலும்பாக நிற்பதைப் பார்த்து அடியுங்கள்.

ஒவ்வோர் அடிக்கும் பின் மெல்ல நிரம்பும் மீட்டர் முழுசாக நிரம்பிய அடி என்று வைத்தால், மர வாளின் சேதம் 4, ஐந்து அடியில் ஒரு ஸ்கெலிட்டன், 59 ஆயுளுக்கு 11 ஸ்கெலிட்டன். கல் வாள் 5, நான்கு அடி, 32 ஸ்கெலிட்டன். அயர்ன் 6, அதற்கும் நான்கு அடிதான், 62 ஸ்கெலிட்டன். டைமண்ட் 7, மூன்று அடி, 520. நெதரைட் 8, அதற்கும் மூன்றே அடி, 677. தங்கம் மரத்தைப் போலவே 4 சேதம், ஆறு ஸ்கெலிட்டனோடு அதன் கதை முடிந்துவிடும். கல்லுக்கும் அயர்னுக்கும் நடுவே ஒரு புள்ளிச் சேதம் கூடினாலும் அடி எண்ணிக்கை குறையவில்லை பாருங்கள். டைமண்டிலிருந்து நெதரைட்டுக்குப் போனாலும் அப்படித்தான். 20 உயிர் உள்ள மாபுக்கு அந்த ஒரு புள்ளி வீணாகிறது. எண்டர்மேனுக்கு உயிர் 40 என்பதால் அங்கே வித்தியாசம் தெரியும், அயர்னுக்கு ஏழு அடி, டைமண்டுக்கு ஆறு, நெதரைட்டுக்கு ஐந்து.

இப்போது அடிக்கிற விதம். மீட்டர் நிரம்பாமல் சடசடவென்று அடித்தால் சேதம் விழுந்துவிடும், பாதி நிரம்பிய அடி சுமார் 40 சதவீதச் சேதம்தான் தரும், ஆயுளோ முழு ஒரு புள்ளி போகும். அயர்ன் வாளால் அப்படி அடித்தால் ஒரு ஸ்கெலிட்டனுக்கு ஒன்பது அடி, 62 சாய்க்க வேண்டிய வாள் 27-லேயே உடைந்துவிடும். மாறாக, குதித்துக் கீழே இறங்கும்போது அடிக்கும் கிரிட்டிகல் அடி ஒன்றரை மடங்கு. அயர்ன் வாள் அப்போது மூன்று அடியில் முடிக்கிறது, 83 ஸ்கெலிட்டன். டைமண்ட் வாள் இரண்டே அடி, 780. ஒரே வாள், அதே உலோகம், கைப்பழக்கத்தால் மட்டும் ஆயுள் மூன்று மடங்கு வரை மாறுகிறது என்றால், வாள் செய்ய டைமண்ட் தேடுவதற்கு முன் அடிக்கும் பழக்கத்தைச் சரிசெய்வது அல்லவா மலிவான வழி? நின்று அடிக்கும்போது வாள் பக்கத்தில் நிற்பவற்றையும் சேர்த்து வீசும், அந்த வீச்சில் எத்தனை மாபுக்கு அடி பட்டாலும் போவது ஒரு புள்ளிதான், கூட்டமாக வரும்போது இதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கோடாலியா வாளா என்ற பழைய வாக்குவாதத்துக்கும் இதே அளவுகோல் பதில் சொல்கிறது. கோடாலியின் ஒரு அடி பலமானது, கல், அயர்ன், டைமண்ட் மூன்றிலும் 9 சேதம். ஸ்கெலிட்டன் மூன்று அடியில் விழும். ஆனால் அடிக்கு இரண்டு புள்ளி என்பதால் ஒரு ஸ்கெலிட்டனுக்கு ஆறு புள்ளி செலவு. அயர்ன் கோடாலி 41 ஸ்கெலிட்டன், அயர்ன் வாள் 62. டைமண்ட் கோடாலி 260, டைமண்ட் வாள் 520, அதுவும் கோடாலிக்கு ஒரு டைமண்ட் கூடப் போட்ட பிறகு. மரம் வெட்டும் கோடாலியாலேயே எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்பது பையில் ஓர் இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆயுளை மிச்சம் பிடிக்காது. எதிரியின் கேடயத்தை முடக்க வேண்டிய இடத்தில் மட்டும் கோடாலி எடுங்கள், மற்றபடி வாள்.

வில்லில் 384 ஆயுள், எய்தால் ஒன்று. கிராஸ்போவில் 465, ஆனால் ஒரே தடவையில் மூன்று அம்பு எய்யும் மல்டிஷாட் போட்டால் எய்யும்போது மூன்று புள்ளி, 155 தடவையோடு முடிந்துவிடும், எனக்கு அது கட்டுப்படியாகாத செலவாகத்தான் தெரிகிறது. வில்லுக்கு மெண்டிங்கா (எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளியால் பழுது பார்க்கும் என்சான்ட்) இன்ஃபினிட்டியா (அம்பு தீராமல் வைக்கும் என்சான்ட்), இரண்டும் சேர்ந்து வராது. வில் செய்ய மூன்று குச்சியும் மூன்று நூலும் போதும், அன்பிரேக்கிங் மூன்று இருந்தால் ஆயிரத்தைந்நூறு அம்பு எய்த பிறகுதான் உடையப் போகிறது. அம்பு சுமக்கிற தொல்லைதான் அன்றாடம் இருப்பது, ஆகவே இன்ஃபினிட்டி. டிரைடன்ட் (திரிசூலம்) வேறு விஷயம், ஆயுள் 250 மட்டும், செய்யவும் முடியாது, டிரவுண்ட் என்ற நீர் ஜோம்பி கொடுத்தால்தான் உண்டு. ஒன்று கிடைத்தால் முதல் மெண்டிங் புத்தகத்தை அதில் போடலாம். மேஸும் (கதாயுதம்) அப்படித்தான், 500 ஆயுள் இருந்தாலும் அதன் ஹெவி கோர் எளிதில் கிடைப்பதில்லை.

பழுது பார்ப்பதா, புதிதாகச் செய்வதா

தேய்ந்த இரண்டு கருவியைக் கிராஃப்டிங் கட்டத்தில் சேர்த்தால் இரண்டின் மிச்சமும் கூடி, மேலே முழு ஆயுளில் ஐந்து சதவீதம் இலவசமாகச் சேரும், என்சான்ட் இருந்தால் போய்விடும். கிரைண்ட்ஸ்டோனும் அதையே செய்து, அழிந்த என்சான்ட்டுக்குக் கொஞ்சம் எக்ஸ்பி திருப்பித் தரும். வெறும் அயர்ன் கருவிகளுக்கு இது நல்ல பழக்கம், இரண்டும் உடையும் தறுவாயில் இருக்கும்போது சேர்த்தால் அந்த ஐந்து சதவீதம் முழுசாகக் கிடைக்கும்.

பட்டறைக்கல்லான ஆன்வில் என்சான்ட்டைக் காப்பாற்றும், அதற்குத் தனி விலை உண்டு. ஒரு மூலப்பொருள் போட்டால் 25 சதவீத ஆயுள் ஏறும். டைமண்ட் கருவிக்கு அது 390 புள்ளி. மேலே பார்த்த கணக்கோடு வைத்துப் பாருங்கள்: அதே ஒரு டைமண்டில் புது ஷவலே செய்தால் 1561 கிடைக்கும், ஆன்விலில் 390தான். பெரிதாக எதுவும் ஏறாத ஷவலை ஆன்விலில் பழுது பார்ப்பது நாலில் மூன்று பங்கு டைமண்டைத் தூக்கி எறிவதுதான். பிக்காக்ஸில் இழப்பு அவ்வளவு இல்லை, புதிதில் டைமண்டுக்கு 520, பழுதில் 390, நல்ல என்சான்ட் இருந்தால் அந்த 130 வித்தியாசத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆன்வில் கேட்கும் அனுபவ லெவல் ஏறிக்கொண்டே போகும், கூடுதல் கட்டணம் 1, 3, 7, 15, 31 என்று, ஏழாவது தடவை 40-ஐத் தாண்டி மறுத்துவிடும். என்சான்ட் ஏற்ற ஆன்விலைப் பயன்படுத்தியதும் இந்தக் கணக்கில்தான் சேரும். போதாதற்கு 31 இங்காட் செலவான அந்த ஆன்விலே சராசரியாக 25 தடவையில் நொறுங்கிவிடும். எனவே ஆன்விலை என்சான்ட் சேர்க்க மட்டும் வைத்துக்கொண்டு, பழுதுக்கு மெண்டிங்கை நம்புவதுதான் நீண்ட காலத்துக்குச் சரி.

மெண்டிங் ஒரு எக்ஸ்பிக்கு இரண்டு ஆயுள் தரும். ஸ்கெலிட்டனைக் கொன்றால் ஐந்து எக்ஸ்பி, பத்து ஆயுள், அதைக் கொல்ல டைமண்ட் வாளுக்கு ஆனது மூன்று புள்ளி. ஆக மெண்டிங் வாள் சண்டையில் இருக்கும் வரை தேய்வதைவிட வேகமாக ஆறிக்கொள்கிறது. பிக்காக்ஸுக்கு அந்த வசதி கிடையாது, கல் உடைத்தால் எக்ஸ்பி வராது, இரும்புத் தாதுவும் தங்கத் தாதுவும் உடைக்கும்போது தராது, உலையில் உருக்கி எடுக்கும்போதுதான் தரும். நெதர் என்ற நெருப்பு உலகத்தில் குவார்ட்ஸ் உடைத்தால் தாதுவுக்கு இரண்டு முதல் ஐந்து எக்ஸ்பி, அதாவது ஒரு புள்ளி செலவழித்து நான்கு முதல் பத்து வரை வரவு. உடையப் போகும் பிக்காக்ஸைத் தேற்ற இதைவிட எளிய இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அடிமட்டம் வரை தேய்ந்த டைமண்ட் பிக்காக்ஸை முழுசாக்க 781 எக்ஸ்பி, ஸ்கெலிட்டன் கணக்கில் 157. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தேய்ந்த மெண்டிங் பொருள்கள் பல உடம்பிலும் கையிலும் இருந்தால் எக்ஸ்பி ஏதாவது ஒன்றுக்குத்தான் போகும், எதற்கு என்பது உங்கள் கையில் இல்லை. பிக்காக்ஸை அவசரமாகத் தேற்ற வேண்டுமென்றால் மெண்டிங் கவசத்தைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

உடைக்கும் வேகத்தைக் கூட்டும் எஃபிஷியன்சி ஐந்தும் பீக்கனின் ஹேஸ்ட் இரண்டும் சேர்ந்தால் டைமண்ட் பிக்காக்ஸ் கல்லைத் தொட்டவுடன் உடைக்கும், நொடிக்கு 20 பிளாக் வரை. அயர்ன் அந்த எல்லையைத் தலைமுடி அளவில் தவறவிடுகிறது. அந்த வேகத்தில் 1561 ஆயுள் 78 நொடியில் தீர்ந்துபோகும், அன்பிரேக்கிங் மூன்று இருந்தால்கூட ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். நடந்து திரும்பும் நேரத்தால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் நீளும், ஆனாலும் பீக்கன் வைத்துப் பெரிய குழி தோண்டப் போகிறவருக்கு மெண்டிங் இல்லாத பிக்காக்ஸ் ஒரு தேர்வே இல்லை. கிராமத்து நூலகரிடம் மெண்டிங் புத்தகத்துக்காகச் செலவிடும் மரகதம் திரும்பி வரும் இடம் இதுதான்.

நெதரைட்

கடைசியாக, எல்லோரும் ஆசைப்படும் நெதரைட். ஏன்ஷியன்ட் டெப்ரிஸை உருக்கினால் வரும் ஸ்கிராப் நான்கு, நான்கு தங்க இங்காட், மேலே ஒரு டெம்ப்ளேட், அந்த டெம்ப்ளேட்டை நகலெடுக்க ஏழு டைமண்ட். இவ்வளவுக்கும் ஆயுளில் கூடுவது 470, அதாவது 30 சதவீதம். மேம்படுத்தும்போது ஏற்கெனவே தேய்ந்தது தேய்ந்ததாகவே இருக்கும், புதுசாகிவிடாது. ஆன்விலில் பழுது பார்க்கப் போனால் ஒரு முழு நெதரைட் இங்காட்டுக்கு 507 புள்ளி, அந்த வழியை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வேகமும் சேதமும் கூடுமே என்பார்கள். எஃபிஷியன்சி ஐந்து ஏறிய டைமண்ட் பிக்காக்ஸும் நெதரைட் பிக்காக்ஸும் சாதாரணக் கல்லை ஒரே நேரத்தில்தான் உடைக்கின்றன, டீப்ஸ்லேட்டிலும் அதே, ஏனென்றால் விளையாட்டு நேரத்தை நொடியில் இருபதில் ஒரு பங்காக வெட்டி எண்ணுகிறது, அந்தச் சின்ன வேக வித்தியாசம் ஒரு துண்டைக்கூடக் குறைக்கப் போதவில்லை. அப்சிடியனில்தான் இலேசாகத் தெரியும். வாளிலும் இப்படித்தான். சேதத்தைக் கூட்டும் ஷார்ப்னெஸ் ஐந்து போட்டால் டைமண்ட் வாள் 10, நெதரைட் வாள் 11. ஸ்கெலிட்டனுக்கு இரண்டுக்கும் இரண்டு அடி, எண்டர்மேனுக்கு இரண்டுக்கும் நான்கு, 50 உயிர் உள்ள பிக்லின் புரூட்டுக்கு இரண்டுக்கும் ஐந்து.

அப்படியென்றால் நெதரைட்டுக்கு என்னதான் மதிப்பு? லாவாவில் விழுந்தாலும் எரியாது. நல்ல என்சான்ட் ஏற்றி, மெண்டிங் போட்டு, பல மாதம் வைத்துக்கொள்ளப் போகும் கருவி தேய்ந்து போகாது, நெதரில் நீங்கள் செத்துக் கீழே விழும்போதுதான் போகும். அதனால் முதல் நெதரைட் இங்காட்டை எதில் போடுவது என்று கேட்டால், நெதருக்குள் எப்போதும் கையில் கொண்டு போகும் கருவியில், பெரும்பாலானவர்களுக்கு அது மெண்டிங் உள்ள பிக்காக்ஸ். மெண்டிங் இன்னும் ஏறாத கருவியில் போட வேண்டாம், ஷவலில் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், வாள் இரண்டாவதாக வரட்டும்.